வெனிஸ் நகரத்துச் சாய்வெழுத்து

கையெழுத்துப் பிரதியில் ஒரு சொல்லின் அடியில் ஒற்றைக் கோடு கிழித்துவிட்டால், அச்சுக் கோப்பவர் அந்தச் சொல்லைச் சாய்வெழுத்தில் கோத்துத் தரவேண்டும் என்பது ஆங்கிலப் புத்தகம் அச்சிடும் இடங்களில் நெடுங்காலமாக வழங்கிவரும் சங்கேதம். இளம் பிராயத்தில் நான் சிறிது காலம் பிழை திருத்துபவனாக இருந்த ஓர் அச்சகத்தில், எழுத்துகளைப் போட்டுவைக்கும் கேஸ்கள் நேரெழுத்துக்கு மூன்று ஜோடியும் சாய்வெழுத்துக்கு ஒரே ஒரு ஜோடியும் இருந்தன. நூலாசிரியர் யாராவது தாராள மனத்தோடு கோடு கிழித்து அனுப்பிவிட்டால், அந்த ஒற்றை ஜோடி இரண்டு பக்கத்துக்குள் காலியாகிப் போய், முதற்பாரம் அச்சேறி எழுத்துகள் பிரித்துப் போடப்படும் வரையில் அடுத்த பாரம் பாதியிலே கிடந்து தவம் செய்யும். அதிலும் பெரிய தொல்லை 'எஃப்' என்னும் எழுத்தினால் விளைவது. சாய்ந்த வடிவத்தில் அதன் தலை வலப்பக்கமும் வால் இடப்பக்கமும் ஈயக் கட்டையின் உடம்பைத் தாண்டி வெளியே தொங்கும் ஆதலால், பக்கத்து எழுத்து சற்று முரட்டுத்தனமாக நெருக்கினாலும், பிரஷ்ஷால் சற்று அழுத்தித் தேய்த்தாலும், மயிரிழை போன்ற அந்த வால் முறிந்து போய்விடும். "நேரா நிக்கிற எழுத்து வருஷக் கணக்குல உழைக்கும் தம்பி, இது அப்படியில்லே, வால் போச்சுன்னா அப்புறம் ஈயத்துக்குத்தான்" என்று சொல்லிக்கொண்டே, முறிந்தவற்றைப் பொறுக்கி ஒரு தகர டப்பாவில் போடுவார் எங்கள் அச்சுக் கோப்பவர். ஒரு வரிக்கு ஒரு சொல்லாக, நேரெழுத்துகளின் நடுவே ஏவலாள்போல் நிற்கும் இந்த எழுத்து, பிறந்த காலத்தில் ஒரு சொல்லுக்காகப் பிறந்ததன்று, முழுப் புத்தகத்தையும் தான் ஒன்றே தாங்கி நிற்பதற்காகப் பிறந்தது என்பதை அவர் அறிந்திருக்க நியாயமில்லை. அப்போது நானும் அறிந்திலேன்.

அதன் பூர்வோத்தரத்தைத் தேடிப் போனால் நாம் முதலில் சென்று சேரும் இடம் அச்சுக்கூடம் அன்று, பதினைந்தாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பிளாரன்ஸ் நகரத்தில் பழைய லத்தீன் கிரந்தங்களைத் தேடிப் பிடித்துப் பிரதி செய்வதையே பெரும் புண்ணியமாகக் கருதியிருந்த சில வித்துவான்களின் எழுது மேஜையாகும். அவர்களில் போஜ்ஜோ என்பவர் எழுதிய நிமிர்ந்த வட்ட லிபியின் வமிசத்தில் வந்ததே இன்று நாம் படிக்கும் நேரெழுத்து. அவருடைய நண்பரும் 1437-இல் காலமானவருமான நிக்கோலோ நிக்கோலி, வேகமாக எழுதவேண்டும் என்ற அவசியத்தினால், பேனாவை அடிக்கடி தூக்காமல், எழுத்துக்கு எழுத்து தொடுத்து, வலப்புறம் சற்றே சாய்த்து, குறுக்கி எழுதும் ஒரு முறையைத் தமக்கென வைத்துக்கொண்டார். அவர் தம் கையாலேயே எழுதிய லுக்ரீஷியஸின் காவியப் பிரதி ஒன்று இன்றும் பிளாரன்ஸில் இருக்கிறது. அழகுக்காகச் செய்த அலங்காரம் என்று பலர் எண்ணும் சாய்வு, உண்மையில் ஓடும் கையின் இயல்பே. போப்பரசருடைய காரியாலயத்து எழுத்தர்கள் அந்த முறையைக் கைக்கொண்டு ஆக்ஞாபத்திரங்களை எழுதினார்கள். பாதுவா நகரத்துச் சன்விதோ போன்ற தேர்ந்த லேககர்கள் கையடக்கமான சிறு ஏடுகளில் கவிகளின் நூல்களை அந்த லிபியிலே எழுதிப் பிரபுக்களுக்குக் கொடுத்தார்கள். அத்தகைய ஏடுகள் சில, வெனிஸ் நகரத்துப் பிரபுவான பெர்னார்தோ பெம்போவின் புத்தக அறையில் இருந்தன.

இந்த ஓட்டக் கையை அச்சுக்குக் கொண்டுவந்த அல்துஸ் மனூத்தியுஸ், கார்ப்பி தேசத்து இளவரசர்களுக்கு உபாத்தியாயராக இருந்து, நாற்பது வயதை நெருங்கிய பருவத்தில் வெனிஸுக்கு வந்தவர். அக்காலத்தில் ஐரோப்பாவிலேயே அச்சுத் தொழில் மிகவும் செழித்திருந்த பட்டணம் அது. முதலில் அவர் செய்யப் புகுந்தது கிரேக்க நூல்களை மூலபாஷையிலே அச்சிடும் பெரும்பணி. அரிஸ்டாட்டிலின் நூல்கள் 1495 முதல் 1498 வரையில் ஐந்து பெருந்தொகுதிகளாக வெளிவந்தன. வேலைக்கிடையே வந்து வீண்பேச்சுப் பேசுவோரைக் கண்டு அஞ்சி, வந்தவர் யாராயினும் காரியத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுப் போகவேண்டும் என்ற கருத்துப்பட வாசல் மேல் ஓர் அறிவிப்பு எழுதி வைத்திருந்தாராம். பத்திரிகைக் காரியாலயங்களில் உழைத்தவர்களுக்கு இந்த ஒரு செய்தியே போதும், மனிதர் எப்படிப்பட்டவர் என்று தெரிந்துகொள்ள.

அவருக்கு எழுத்து வெட்டிக் கொடுத்தவர் பொலோஞா நகரத்துத் தட்டானின் மகனான பிரான்செஸ்கோ கிரிஃபோ. எழுத்து வெட்டுதல் என்பது தட்டாரத் தொழிலின் சகோதரத் தொழில். எஃகுக் கம்பியொன்றின் முனையில், கண்ணாடியில் பார்ப்பதுபோல இடவலம் மாறிய வடிவத்தை அரத்தாலும் உளியாலும் செதுக்கி, அதை நெருப்பிலிட்டு இறுக்கி, செப்புத் தகட்டில் ஓங்கி அறைந்து பள்ளம் உண்டாக்கி, அந்தப் பள்ளத்தின் மேல் அச்சைப் பூட்டி ஈயத்தை வார்த்தால் ஓர் எழுத்துப் பிறக்கும். மூலமாகிய எஃகு முளையின் முகம், சாதாரண நூலெழுத்துக்குரியதாயின், அரிசி மணியைவிடப் பெரிதாக இராது. மயிரிழை தவறினாலும் ஆயிரக்கணக்கான பக்கங்களில் அந்தத் தவறு திரும்பத் திரும்ப நின்று நகைக்கும். அல்துஸுக்காக கிரிஃபோ வெட்டிய நேரெழுத்து ஒன்று, அந்தப் பெர்னார்தோவின் மகன் பியேத்ரோ பெம்போ எத்னா மலைமீது ஏறிய அனுபவத்தைக் கூறும் சிறு நூலில் 1496-இல் முதன்முதலாகத் தோன்றியது. அதன் லட்சணத்தை இன்றைக்கும் மிஞ்ச முடியவில்லை என்பாரும் உளர்.

அந்தக் கிரிஃபோவிடம்தான், எழுத்தர்களின் ஓட்டக் கையை எஃகில் வெட்டித் தரும்படி அல்துஸ் கேட்டார். கேட்பது எளிது. கையெழுத்தில் ஓர் எழுத்தின் வால் அடுத்த எழுத்தின் வயிற்றுக்குள்ளே புகுந்து போகலாம். பேனாவுக்கு அதில் தடையில்லை. ஈய எழுத்துக்கோ ஒவ்வொன்றுக்கும் நாற்கோணமான தனித்தனி உடம்பு உண்டு. சாய்ந்த உருவத்தை நேரான பெட்டிக்குள் அடைக்கப் புகுந்தால், ஒன்று உருவம் குறையும், இல்லையேல் எழுத்துகளுக்கிடையே சந்து விழும். கிரிஃபோ இதற்குக் கண்ட உபாயம், அடிக்கடி சேர்ந்து வரும் எழுத்துகளை இரண்டும் மூன்றுமாக ஒரே உடம்பில் பிணைத்து வெட்டிவிடுவது. இப்படிப்பட்ட கூட்டெழுத்துகள் மாத்திரம் அறுபதுக்கு மேல் இருந்தன என்று எண்ணிப் பார்த்தவர்கள் கூறுகிறார்கள். அச்சுக் கோப்பவன் நிலையை நினைத்தால் எனக்கு இரக்கமே உண்டாகிறது. ஒவ்வொரு கூட்டுக்கும் ஓர் அறை கேஸில் வேண்டுமே!

சாய்வெழுத்தின் சாரம் சாய்வில் இல்லை என்பதை இங்கே கவனிக்கவேண்டும். கிரிஃபோவின் எழுத்து மிகச் சிறிதே சாய்ந்தது. நேரெழுத்தில் ஆங்கிலச் சிறிய 'ஏ' தலைமேல் ஒரு கூரை கவிந்த மாடிவீடு போலிருக்கும். சாய்வெழுத்திலோ கூரை நீங்கி, ஒற்றை வயிறும் ஒரு காலுமாக, நாம் பள்ளிக்கூடத்தில் எழுதப் பழகிய உருவத்தோடு நிற்கும். நேரெழுத்தில் வரியின்மேல் நின்றுவிடும் 'எஃப்', சாய்வில் வரிக்குக் கீழே இறங்கி வாலை வளைக்கும். செரிஃப் என்று சொல்லப்படுகிற சிறு பாதங்கள் நேரெழுத்தின் தண்டுகளில் இருபுறமும் சமமாக விரிந்து கல்தூணின் பீடம்போல ஊன்றியிருக்க, சாய்வெழுத்தில் அதே பாதம் ஒருபக்கமாக, பேனா தாளைத் தொட்டபோது ஒன்றும் தாளை விட்டுப் பிரிந்தபோது ஒன்றுமாக, ஒரு சுழிப்பாக மாறிவிடுகிறது. ஆனால் பெரிய எழுத்துகள், அதாவது வாக்கியத்தின் முதலில் வரும் தலைப்பெழுத்துகள், அல்துஸின் சாய்வெழுத்தில் சாயவே இல்லை. குட்டையாய், நிமிர்ந்து, ரோமானியக் கல்வெட்டின் கம்பீரத்தோடு அப்படியே நின்றன. செய்யுள் வரிகளின் முதலெழுத்தைச் சற்று விலக்கி வைத்து அச்சிட்டிருப்பதால், பக்கத்தின் இடவோரத்தில் அவை ஒரு நெடிய தூண்வரிசையாகவும், மற்றவை அதனின்றும் புறப்பட்டு ஓடும் நீரோட்டமாகவும் காட்சியளிக்கின்றன.

இந்த எழுத்து உலகத்துக்கு முதலில் முகம் காட்டியது 1500-இல் அல்துஸ் வெளியிட்ட ஸியேனா நகரத்துக் கத்தரீன் அம்மையாரின் கடிதத் தொகுதியில். அங்கே அம்மையாரைச் சித்திரித்த மரக்கட்டைப் படத்தினுள் சில சொற்களாக மாத்திரம் அது இருந்தது. அடுத்த ஆண்டு, 1501 ஏப்ரலில், விர்ஜிலின் காவியங்கள் முழுதும் அந்த எழுத்திலே வெளிவந்தன. அச்சுத்தாளை மூன்றுமுறை மடித்து எட்டு ஏடாக்கிய சிறிய வடிவம். குதிரைமேல் போகிறவனும் தன் மேலங்கிக்குள் செருகிக்கொண்டு போகலாம். தொடர்ந்து ஹொராஸ், ஜுவெனல், மார்ஷியல் முதலிய லத்தீன் கவிகளும், இத்தாலிய பாஷையில் பெத்ரார்க்கும், 1502-இல் தாந்தேயும் அதே உடையில் வந்தார்கள். இவ்வரிசையில் எழுத்தினும் பெரிய புதுமை ஒன்று உண்டு. அதற்கு முன் விர்ஜிலைப் படிக்கவேண்டுமானால், நடுவே சிறு தீவுபோல் மூலமும் அதைச் சுற்றிக் கடல்போல் வியாக்கியானமும் அச்சிட்ட, சாய்வு மேஜையில் வைத்தாலன்றிப் படிக்கவொண்ணாத பெரும் புத்தகத்தையே மிகுதியும் நாடவேண்டியிருந்தது. மூலமும் உரையும் ஒன்றாகவே பாடங்கேட்டுப் பழகிய நமக்கு, உரையே இல்லாமல் மூலத்தை மாத்திரம் கையில் கொடுத்துப் 'படித்துக்கொள்' என்று சொல்வதில் உள்ள துணிவு நன்றாக விளங்கும். அந்தத் துணிவு அல்துஸுடையது. வடிவத்தின் சிறுமையைத் தாம் பெம்போவின் தந்தையார் வைத்திருந்த ஏடுகளிலிருந்து பெற்றதாக அவரே 1514-இல் மறுபடி அச்சிட்ட விர்ஜிலின் முகவுரையில் ஒப்புக்கொள்ளுகிறார்.

இடத்தை மிச்சப்படுத்தி விலையைக் குறைப்பதற்காகவே அல்துஸ் இந்த எழுத்தை உண்டாக்கினார் என்று பள்ளிப் புத்தகங்கள் கூறும். என் அபிப்பிராயம் வேறு. குறுகிய எழுத்தினால் உரைநடையில் தாள் மிஞ்சுவது மெய்யே. ஆனால் அவர் முதலில் அச்சிட்டவை செய்யுள்கள், செய்யுளின் வரி கவி முடித்த இடத்தில் முடிவதேயன்றி எழுத்துக் குறுகியதனால் அடுத்த வரியை மேலே இழுத்துக்கொள்வதில்லை. கற்றவன் ஒருவன் தன் சொந்தப் பிரயோஜனத்துக்காகத் தன் கையாலே எழுதி வைத்துக்கொண்ட ஏடு எப்படியிருக்குமோ அப்படி ஒரு புத்தகத்தை வாசகன் கையில் கொடுப்பதே அவர் நோக்கமாக இருந்திருக்கவேண்டும்.

புதுமை செய்தவனுக்குப் பின்னால் நகல் செய்பவன் வராமல் இருப்பதில்லை. 1502 நவம்பரில் வெனிஸ் செனட் சபையிடம் பத்தாண்டுக் காலத்துக்குச் சாய்வெழுத்தின் ஏகபோக உரிமையை அல்துஸ் பெற்றார். போப்பரசர் ஆறாம் அலெக்ஸாண்டரும் அவ்வாறே உரிமை வழங்கினார். ஆனால் வெனிஸின் ஆணை பிரான்ஸ் தேசத்து லியோன் நகரத்தில் செல்லாது. அங்கே சில அச்சுக்காரர்கள் அல்துஸின் நூல்களை ஒவ்வொன்றாக, அதே அளவில், அதே போன்ற எழுத்தில், முகவுரை உட்பட அச்சடித்து, அச்சிட்ட இடமோ பெயரோ ஆண்டோ போடாமல் விற்கத் தொடங்கினார்கள். பொறுத்துப் பொறுத்துப் பார்த்த அல்துஸ், 1503 மார்ச்சில் ஓர் எச்சரிக்கைப் பத்திரம் வெளியிட்டு, திருட்டுப் பிரதியை வாசகர் கண்டுபிடிக்கும் உபாயத்தை விவரமாகச் சொன்னார்: அவற்றின் காகிதம் மட்டமானது, அதில் ஒரு துர்நாற்றம் வீசும், எழுத்தில் பிரெஞ்சு வாடை அடிக்கும், தலைப்பெழுத்துகள் விகாரமானவை, தம்முடைய நூல்களிற்போல் மெய்யெழுத்துகள் உயிரெழுத்துகளோடு பிணைந்து நில்லாமல் பிரிந்து கிடக்கும். அத்தோடு நின்றிருந்தால் நலம். பிழை பொறுக்காத புலவராதலால், இன்ன நூலில் இன்ன இடத்தில் இன்ன பிழை என்று ஒரு ஜாபிதாவையும் சேர்த்துவிட்டார். லியோன்காரர்கள் அந்தப் பத்திரத்தை நன்றியோடு வரவழைத்து, அதில் காட்டியிருந்த பிழைகளையெல்லாம் திருத்திக்கொண்டு, மேலும் சுத்தமான திருட்டுப் பதிப்புகளை வெளியிட்டார்கள். பிழை திருத்துகிறவன் சம்பளமில்லாமல் எதிரிக்கும் உழைத்த கதை இது ஒன்றுதான் எனக்குத் தெரியும்.

இந்த உரிமைப் பத்திரங்களால் கெட்டவர் லியோன்காரர் அல்லர், எழுத்தை வெட்டிய கிரிஃபோவே. விர்ஜிலின் முகப்பில் அவருடைய கைத்திறனைத் தீதாலஸ் என்னும் புராணச் சிற்பியின் கைத்திறனுக்கு ஒப்பிட்டு அல்துஸ் மூன்று வரியில் புகழ்ந்திருக்கிறார். அது மனமாரச் சொன்ன புகழாகவே இருக்கலாம். ஆனால் செனட் சபையின் உரிமை அல்துஸின் பெயருக்கே வழங்கப்பட்டதால், தாம் கண்ட எழுத்தைத் தாமே வேறு யாருக்கும் வெட்டி விற்க வெனிஸில் கிரிஃபோவுக்கு வழியில்லாமல் போயிற்று. அவர் மனம் கசந்து பிரிந்து, ஃபானோ என்னும் ஊரில் யூத அச்சுக்காரரான சொன்சினோவுக்குச் சாய்வெழுத்து ஒன்று வெட்டித் தந்தார். 1503-இல் அதில் அச்சான பெத்ரார்க்கின் சமர்ப்பணத்தில், அல்துஸின் எழுத்துகள் யாவற்றுக்கும் உண்மைக் கர்த்தா பிரான்செஸ்கோவே என்று சொன்சினோ பகிரங்கமாக எழுதினார். பின்னர் பொலோஞாவுக்குத் திரும்பிய கிரிஃபோ, 1516-இல் தாமே பதிப்பாளராகி, உள்ளங்கைக்குள் மறையும் அத்தனை சிறிய புத்தகங்களைப் புதிதாக வெட்டிய நுண்ணிய சாய்வெழுத்தில் வெளியிட்டார். தாம் வெட்டிக் கொடுத்த எழுத்துகளால் அல்துஸ் பொருளும் அழியாக் கீர்த்தியும் பெற்றதை, முகவுரையில் அடக்கமாகவே ஆயினும் குத்தலோடு குறிப்பிடுகிறார். பிற்பாடு மருமகனோடு நேர்ந்த சண்டையில் இரும்புக் கம்பியால் அடித்து அவனைக் கொன்றுவிட்டதாக வழக்கு எழுந்தது. அதன்பின் அவர் அச்சிட்ட புத்தகம் ஒன்றும் வரவில்லை.

கிரிஃபோவின் எழுத்துக்கு எழுத்தர்களே மறுமொழி சொன்ன விந்தை ரோமாபுரியில் நடந்தது. போப்பரசரின் காரியாலயத்தில் எழுத்தராயிருந்த விச்சென்ஸா நகரத்து அர்ரீகி, ஓட்டக் கையெழுத்தைப் பயிற்றும் சிறு கைந்நூல் ஒன்றை மரக்கட்டையில் செதுக்குவித்து வெளியிட்டார். 1522 என்ற ஆண்டைத் தாங்கிய அந்நூல் இன்றும் அழகெழுத்துப் பயில்வோருக்கு வேதம். பிறகு அவரே அச்சுக்காரராகி, 1524-இல் தம் கையெழுத்தையே ஈயத்தில் வார்த்தார். கிரிஃபோவின் எழுத்து சிக்கனமான குமாஸ்தா என்றால் அர்ரீகியின் எழுத்து தர்பார் உடை தரித்த மந்திரி: அகன்ற வரிச்சந்து, மேலெழும் தண்டுகளின் முனையில் கொடிபோல் வளையும் சுழி. 1527-இல் ஐந்தாம் சார்லஸின் படைகள் ரோமாபுரியைச் சூறையாடின; அதற்குப் பின் அர்ரீகியைப் பற்றிய தடயமே இல்லை. அவர் எழுத்தின் மாதிரியைப் பிளாதோ என்னும் ரோமானிய அச்சுக்காரர் காப்பாற்றி வைத்தார்.

பாரிஸிலும் லியோனிலும் தலைப்பெழுத்துகளும் சாயத் தொடங்கின. கராமோன், கிராஞோன் முதலிய தேர்ந்த சிற்பிகள் தங்கள் நேரெழுத்தோடு கூட நிற்கத்தக்க அளவும் எடையும் கொண்ட சாய்வெழுத்துகளை வெட்டினார்கள். சுதந்தரமாய் இருந்த எழுத்து துணையெழுத்தாக மாறியது இங்கேதான். அல்துஸ் காலத்தில் நேரெழுத்தும் சாய்வெழுத்தும் இரண்டு வேறு எழுத்துகள், இரண்டு வேறு புத்தகங்களுக்கு உரியவை. பதினாறாம் நூற்றாண்டு முடிவதற்குள் முகவுரையும் சமர்ப்பணமும் செய்யுள் மேற்கோளும் அதன் மானியமாக மிஞ்சி, நூலின் உடல் முழுவதும் நேரெழுத்தின் ஆட்சிக்குப் போய்விட்டது. நேரெழுத்தை உரைநடைக் குரலாகக் கொண்டுவிட்டபின், சாய்வு ஒன்றே 'இந்தச் சொல்லைக் கவனி' என்று கூறும் கருவியாயிற்று. ஷேக்ஸ்பியரின் நாடகங்களைத் தொகுத்து 1623-இல் வெளியிட்ட பெரும் புத்தகத்தில், பேசுபவர் பெயரும் மேடைக் குறிப்பும் சாய்வெழுத்தில் நிற்கக் காணலாம். பின்னாளில் தாவரங்களின் லத்தீன் பெயர்களும், கப்பல்களின் பெயர்களும், பிறபாஷைச் சொற்களும், கணித நூல்களில் தெரியாத அளவைக் குறிக்கும் எழுத்துகளும் அதன் வசமாயின.

இவற்றுள் வேதப் புத்தகத்தில் அது பெற்ற உத்தியோகம் விசித்திரமானது. 1560-இல் வெளிவந்த ஜினீவா விவிலியத்தில், எபிரேய, கிரேக்க மூலங்களில் இல்லாமல் ஆங்கில வாக்கியம் நிரம்புவதற்காக மொழிபெயர்ப்பாளர் சேர்த்த சொற்களைச் சாய்வெழுத்தில் காட்டினார்கள். நேர்மைக்கு இதைவிடச் சான்று வேண்டாம். 1611-இல் வந்த ஜேம்ஸ் அரசர் பதிப்பின் உடல் கறுத்த பழைய எழுத்தில் இருந்தபடியால் அங்கே சேர்த்த சொற்கள் சிறிய நேரெழுத்தில் நின்றன. பிற்காலப் பதிப்புகள் நேரெழுத்துக்கு மாறியபோது அவை மறுபடியும் சாய்ந்தன. இதற்குள் சாதாரணப் புத்தகங்களில் சாய்வு என்றால் அழுத்தம் என்று வாசகர் கண்ணுக்குப் பழகிவிட்டமையால், மூலத்தில் இல்லவே இல்லாத சொல்லைப் போய் ஓங்கிப் படிக்கும் அப்பாவிகள் உண்டாயினர்.

நேரெழுத்தின் துணையாக ஆனபிறகு, அதன் உருவமும் எசமானனுடையதைப்போல் ஆகவேண்டும் என்ற வாதம் எழுவது இயல்பே. பதினான்காம் லூயி காலத்தில், அரசரின் அச்சகத்துக்கென எழுத்துகளை வகுக்க அமர்ந்த பாரிஸ் பண்டிதர் குழு, நேரெழுத்துக்குச் சதுரக் கட்டங்களும் சாய்வெழுத்துக்குச் சரிந்த கட்டங்களும் போட்டு, க்ஷேத்திரகணிதத்தால் அதைத் தீர்த்துவிடப் பார்த்தது. அந்த எழுத்துகளை எஃகில் வெட்டிய சிற்பியான கிராஞ்ஜானோ தம் கண்ணையே நம்பினார். இருநூற்றுச் சொச்சம் ஆண்டுகளுக்குப் பின், 1926-இல், ஸ்டான்லி மாரிசன் என்னும் ஆங்கில அறிஞர், சாய்வெழுத்து தன் கையெழுத்துச் சுபாவத்தைத் துறந்து, சரித்து வைத்த நேரெழுத்தாகவே இருப்பதுதான் உசிதம் என்று தர்க்கபூர்வமாக ஒரு கட்டுரை எழுதினார். சில எழுத்துகளில் அதைப் பரீட்சித்தும் பார்த்தார்கள். ஆனால் அவர் மேற்பார்வையிலேயே உருவாகி 1932 அக்டோபரில் லண்டன் 'டைம்ஸ்' பத்திரிகை அணிந்துகொண்ட எழுத்தில், சாய்ந்த 'ஏ' மாடியை இழந்து ஒற்றை வயிற்றோடும், சாய்ந்த 'எஃப்' வாலோடும்தான் நிற்கின்றன. அந்நாட்களிலேயே ஃப்ரெடெரிக் வார்ட் என்ற அமெரிக்கர் அர்ரீகியின் எழுத்தைப் புதுப்பித்திருந்தார். தனியே நூல்களைத் தாங்கிய அந்த எழுத்துக்கு இயந்திர அச்சில் கிடைத்த உத்தியோகம், ப்ரூஸ் ராஜர்ஸ் வரைந்த 'சென்டார்' என்னும் நேரெழுத்துக்குச் சாய்வுத் துணையாக நிற்பது.

தமிழ் அச்சில் நாம் அழுத்தம் வேண்டுமிடத்தில் தடித்த எழுத்தையோ மேற்கோள் குறியையோ நாடிப் பழகினோம். இப்போது கணிப்பொறியில் ஒரு விசையைத் தட்டினால் எந்தத் தமிழ் எழுத்தும் சாய்ந்துவிடுகிறது. பாரிஸ் பண்டிதர்கள் கட்டம் போட்டுச் செய்ய நினைத்ததை இயந்திரம் கண்ணிமைக்கும் நேரத்தில் செய்கிறது. அப்படிச் சாய்த்த ஒரு பக்கத்தைச் சென்ற மாதம் பிழை பார்க்க நேர்ந்தது. 'ட' என்னும் எழுத்தைக் கவனித்தேன். எழுதும் கையில் அது சாயும்போது மூலை சற்றே உருண்டு, அடிக்கோடு அடுத்த எழுத்தை நோக்கி மேலே எழும்பும். அந்தப் பக்கத்திலோ மூலை கூராகவே இருக்க, நிமிர்ந்த தண்டு மட்டும் அப்படியே சரிந்து, முட்டுக் கொடுக்காத பந்தற்கால்போல் நின்றது. ஓரத்தில் ஒரு கோடு கிழித்து, நேரெழுத்திலேயே போடும்படி எழுதி அனுப்பினேன்.